அம்மா அப்பா தகராறில் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது: டிசி இல்லாமல் கடலூரில் சேர்க்க முடியுமா?

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கையைப் பாண்டி லாசுப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் அங்கே ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தார்கள். வீட்டில் ரொம்ப நாளாகவே தகராறு. யார் மேல் தப்பு என்று இங்கே எழுத விரும்பவில்லை. ஆகஸ்ட்டில் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இங்கே சேர்க்கலாம் என்று டிசி (மாற்றுச் சான்றிதழ்) கேட்கப் போனால், "இந்த டெர்ம் ஃபீஸ் பாக்கி இருக்கிறது, அதோடு அப்பா வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் தர மாட்டோம்" என்கிறார்கள். மாப்பிள்ளையிடம் கேட்டால், "பிள்ளைங்க படிக்கணும்னா அவ இங்க வரட்டும்" என்பதோடு போனை வைத்துவிடுகிறார். இங்கே விசாரித்த ஒரு பள்ளியில், டிசி இல்லாமல் வராதீர்கள் என்றார்கள். பிள்ளைகள் இரண்டும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

பெரியவள் கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் எடுத்தவள். போன வருஷத்திலிருந்து இறங்கு முகம். "கவனமே இல்லை" என்று டயரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறாள், என் தங்கையின் போன் அடித்தால் உடனே அம்மா முகத்தைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் படிப்பு அவ்வளவுதான். பெரியவர்கள் பிரச்சினை தீர வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை இவர்கள் காத்திருக்க முடியாது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்பாறு

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷ நடுவில் பள்ளிக்கூடத்தை மாற்றினால் பிள்ளைகளுக்கு இரண்டு அடி. வீடும் போச்சு, பழகின இடமும் போச்சு. நாலு பெரியவர்களைக் கூட்டிப்போய் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். குறைந்தது இந்த வருஷப் பரீட்சை முடியும் வரை தங்கை பிள்ளைகளோடு அங்கே இருக்கட்டும். அப்பாவை மீறிப் பள்ளி மாற்றினால் அவருடைய கோபம் இன்னும் ஏறும். அந்தக் கோபமும் பிள்ளைகள் மேல்தான் விழும்.

நெல்லிக்குப்பம் டீச்சர்

கெடிலக்கரை அண்ணே, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. உங்கள் தலைப்புக் கேள்விக்கு முதலில் பதில்: சேர்க்கலாம், நாளைக்கே சேர்க்கலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் 5ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறக் கேட்டால், பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே டிசி கொடுக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் இது பொருந்தும், ஆகவே பாண்டி, கடலூர் என்ற பேச்சே இல்லை. டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. டிசி கேட்டு வற்புறுத்தக் கூடாது, ஃபீஸ் பாக்கியை டிசியில் எழுதக் கூடாது, அதை வசூலுக்கு ஆயுதமாக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவு. ஃபீஸ் பாக்கியைப் பள்ளி சட்டப்படி வசூலித்துக்கொள்ளட்டும், அதற்குப் பிள்ளையைப் பிடித்து வைக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். உங்கள் மருமகள் எட்டாவது. இந்த வருஷம் விட்டுப்போனால் அடுத்த வருஷம் ஒன்பதாவதில் சேர்க்கும்போது இதே பிடி உங்கள் கையில் இருக்காது. அதனால்தான் நாளைக்கே என்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய ராங்க் கார்டு, ஃபீஸ் ரசீது எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. தங்கையே நேரில் போய் ஹெச்எம் பெயருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். முடியாது என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர யாரும் முன்வர மாட்டார்கள், அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும். அப்படியும் நடக்கவில்லையா, சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்குப் போங்கள், கல்வி உதவி எண் 14417க்கும் கூப்பிடுங்கள்.

எமிஸ், அதாவது பிள்ளைகளின் விவரம் பதியும் கல்வித் துறைக் கணினிப் பதிவு பற்றிப் பயமுறுத்துவார்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இங்கே புதிதாகப் பதிவு போட வேண்டும். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவிக்காவிட்டால் பென் எண்ணில் (மாணவருக்குத் தரும் நிரந்தர எண்) இழுபறி வரும். அது ஆபீஸ் வேலை, பின்னாடியே நடக்கட்டும். பிள்ளை வகுப்பில் உட்கார அது தடையில்லை. சின்னவனை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் காலைச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். இதைச் சும்மா சொல்லவில்லை. வீட்டில் ராத்திரி சண்டை நடந்திருந்தால் மறுநாள் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வரும். என் வகுப்பில் முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்க்கிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன்.

சுண்ணாம்பாறு ஐயா, வயதில் மூத்தவர் சொல்கிறீர்கள், ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழகின பள்ளிக்கூடம் முக்கியம், சரி. அது தினமும் ராத்திரி சத்தம் கேட்கிற வீட்டோடு சேர்ந்து வந்தால் அந்தப் பள்ளியில் அவள் என்ன படித்தாள் என்பதைத்தான் போன வருஷ மார்க் சொல்கிறதே.

பின்பெஞ்சு

நான் முதுநகரில் வளர்ந்தவன். இப்போது வேலை சென்னையில். இந்தப் பிள்ளையைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்கும் அண்ணனுக்கும் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் படிக்கலாம். ஓங்கிப் போட்டால் அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டுப் பாத்திரங்களை உள்ளே எடுத்து வைப்பான், எறியக் கிடைக்காமல் இருக்கட்டும் என்று. ஏழு மணியிலிருந்து காது வாசலில்தான் இருக்கும். கண் எதிரே வரலாற்றுப் பாடம், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். மறுநாள் டெஸ்டில் அந்த ஒரு வரி மட்டும் எழுதுவேன். "உனக்கு ஞாபக சக்தி இல்லை" என்றார்கள். இருபது வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது, ஞாபக சக்திக்கு என்ன குறை?

ஐயா சொல்வது போல எங்கள் வீட்டுக்கும் பெரியவர்கள் வந்தார்கள், பலமுறை வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை சத்தமில்லாத ஓர் இடம் கிடைத்திருந்தால் அண்ணன் பத்தாவதோடு நின்றிருக்க மாட்டான். பக்கத்துத் தெரு அத்தை வீட்டுத் திண்ணை கிடைத்த வருஷத்தில்தான் நான் தேறினேன். கெடிலக்கரை அண்ணே, அந்தப் பெண்ணுக்கு முதலில் அப்படி ஓர் இடம் பாருங்கள். அவள் படிக்கிற நேரத்தில் தங்கை போனை வேறு அறையில் வையுங்கள். வழக்கு, ஜீவனாம்சம், மாப்பிள்ளை என்று எந்தப் பேச்சும் அவள் காதில் விழ வேண்டாம்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

டீச்சர் சொன்னது சட்டப்படி சரி. கையெழுத்து விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் 1956இன் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் அப்பா, "அவருக்குப் பின்" அம்மா என்கிறது. பள்ளி ஆபீஸ்களில் இதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா கையெழுத்து என்று நிற்கிறார்கள். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொல்லிவிட்டது. "அவருக்குப் பின்" என்றால் அவர் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அப்பா பொறுப்பெடுக்காமல் பிள்ளை அம்மாவின் தனிப் பராமரிப்பில் இருக்கும் நிலையையும் அது குறிக்கும். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத இன்றைய நிலையில், தங்கை போட்ட கையெழுத்தில் அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கத் தடையில்லை.

ஆனால் இப்படியே விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அப்பா பள்ளி வாசலில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனால் அதுவும் குற்றம் என்று உடனே சொல்லிவிட முடியாது, அவரும் காப்பாளர்தான். 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பில் உள்ளோர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அது பாண்டியா கடலூரா என்பதிலேயே வாதம் வரும். பள்ளியில் சேர்ந்து வருகைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் கடலூர்தான் என்று சொல்ல உங்களுக்கு ஒரு பிடி. விவாகரத்து வழக்கு யார் போட்டாலும், இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் பிள்ளைகளின் படிப்புக்கென்றே தனியாக இடைக்கால உத்தரவு கேட்கலாம். யாரிடம் இருப்பது, ஃபீஸ் யார் கட்டுவது, எந்தப் பள்ளி எல்லாம் அதில் அடங்கும். வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம்.

பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

வில்லியனூர் அப்பா

எல்லோரும் அம்மா பக்கமே பேசுகிறீர்கள். நான் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. நானும் மனைவியும் பிரிந்திருக்கிறோம், மகள் அவர்களோடு கடலூரில் ஆறாவது படிக்கிறாள். என்னைக் கேட்காமல்தான் பள்ளி மாற்றினார்கள். பள்ளிக்குப் போய் மகளுடைய மார்க் கேட்டால், "அம்மா சொல்லியிருக்காங்க, உங்களிடம் தர முடியாது" என்று வாட்ச்மேனே திருப்பி அனுப்புகிறார். என்னைத் தள்ளி வைக்கச் சொல்லி எந்த நீதிமன்ற உத்தரவும் கிடையாது. அவள் கையெழுத்து எப்படி இருக்கிறது, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு உரிமை இல்லையா?

கெடிலக்கரை, உங்கள் மாப்பிள்ளை டிசியைப் பிடித்து வைத்தது தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகளைச் சேர்த்த பிறகு எந்தப் பள்ளி என்று அவருக்கு நீங்களே எழுதிச் சொல்லுங்கள். மறைத்தால் அவர் தேடுவார், தேடும்போது கோபத்தோடு வருவார்.

நெல்லிக்குப்பம் டீச்சர்

வில்லியனூர் சார், நீங்கள் கேட்பது நியாயம். நீதிமன்றம் தடுக்காத வரை அப்பாவுக்கு மார்க் தெரிய வேண்டும். ஹெச்எம்முக்குத் தபாலில் எழுதுங்கள், ராங்க் கார்டு நகலும் பெற்றோர் கூட்டத் தேதியும் கேளுங்கள். வாசலில் போய் நிற்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். பள்ளி விடுகிற நேரம் கேட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பைக்கில் அப்பா. அப்பா கையில் பிஸ்கட் பொட்டலம். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நகரவே இல்லை. அப்புறம் என்னிடம் திரும்பி, "மிஸ், ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொல்லுங்க" என்றான். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், அவன் மட்டும் ஸ்டாப் ரூமில் வாய்ப்பாடு எழுதினான். அடுத்த வாரத்திலிருந்து லீவு. காலையில் வயிற்று வலி, பள்ளி நேரம் தாண்டியதும் சரியாகிவிடும். அவனுக்குப் படிப்பில் வெறுப்பு இல்லை, சாயங்காலம் மணி அடிப்பதைத்தான் பயந்தான்.

அதனால் யார் எந்தக் கிழமை கூட்டிப் போவது என்பதை எழுத்தில் பள்ளிக்குக் கொடுங்கள். வகுப்பாசிரியர் ஒருவரிடமாவது வீட்டு நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மானம் போகும் என்று நிறைய பேர் மறைக்கிறார்கள். தெரியாத ஆசிரியர் சோம்பேறி என்று நினைத்து அடிக்கோடு போட்டு அனுப்புவார். தெரிந்தவர் முன் பெஞ்சில் உட்கார வைப்பார்.

கோரிமேடு

மருத்துவமனையில் குழந்தைகளுக்கு உளவியல் ஆலோசனை தரும் வேலையில் இருக்கிறேன். பெற்றோர் பிரிவதைவிட, தீராமல் நீள்கிற, பிள்ளையை வைத்தே நடக்கிற சண்டைதான் அதிகம் பாதிக்கிறது என்பது இந்தத் துறையில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். பயத்திலேயே இருக்கும் மூளை அடுத்து என்ன ஆபத்து என்று கவனித்துக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களை மனதில் நிறுத்தி வைப்பதற்குத் தேவையான கவனத்தை அது தின்றுவிடும். கூடவே தூக்கமும் குறையும். கணக்கு மார்க் முதலில் சரிவது இதனால்தான், டியூஷன் வைத்தால் மட்டும் தேறாது.

அண்ணே, அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவைக் காப்பாற்றும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அம்மாவே அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இது எங்க பிரச்சினை, நாங்க பாத்துக்கறோம், உன்னால வந்தது இல்ல." ஒருமுறை சொன்னால் போதாது. சின்னவனிடம் "அப்பா போன்ல என்ன சொன்னாரு" என்று யாரும் துருவ வேண்டாம். தூக்கம் வராமல், சாப்பிடாமல், பேச்சு குறைந்து சில வாரம் தொடர்ந்தால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெரியவள் தானாகப் பேச நினைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

சுண்ணாம்பாறு

டீச்சரம்மா சொன்ன அந்தப் பையன் கதையைப் படித்த பிறகு நான் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளைச் சேருங்கள். பெரியவர்கள் பேச்சு தனியாக நடக்கட்டும். ஆனால் பேச்சை விட்டுவிடாதீர்கள் தம்பி.

கெடிலக்கரை

சேர்த்துவிட்டோம். முதல் பள்ளியில் மறுபடியும் டிசி என்றார்கள். தங்கை மனுவை நீட்டி, மறுப்பதாக இருந்தால் இதிலேயே எழுதிக் கொடுங்கள் என்றாள். ஹெச்எம் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். பெரியவள் ஆங்கில வழிப் பிரிவில், சின்னவன் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில். பாண்டி பள்ளிக்குப் பதிவுத் தபாலில் டிசி கேட்டுக் கடிதம் போட்டாயிற்று. வில்லியனூர் சார் சொன்ன மாதிரி மாப்பிள்ளைக்கும் பள்ளிப் பெயரோடு எழுதிவிட்டோம், தங்கைக்கு மனமில்லைதான். பதில் இல்லை, ஆனால் வந்து சத்தமும் போடவில்லை.

இரண்டு சந்தேகம். சிபிஎஸ்இயிலிருந்து வந்தவள் காலாண்டுத் தேர்வைச் சமாளிப்பாளா? அப்புறம், சமாதானமாகி அடுத்த வருஷம் பாண்டிக்கே திரும்பினால் ஏதாவது இழப்பு வருமா?

நெல்லிக்குப்பம் டீச்சர்

கணக்கு, அறிவியலில் அடிப்படை ஒன்றுதான், பாட வரிசை மட்டும் மாறும். தமிழ் கனமாகத் தெரியும், செய்யுள் மனப்பாடம் இருக்கிறது. தமிழாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். காலாண்டு மார்க்கைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க வேண்டாம், அரையாண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்புவது பற்றி: சின்னவனுக்குத்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் என்ற அரசு உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்கு அதே மாதிரி புதுமைப் பெண் திட்டம். பெரியவள் ஆறும் ஏழும் பாண்டியில் படித்துவிட்டாள், அவளுக்கு இது கிடைக்காது. சின்னவன் ஆறாவது போவதற்கு முன் எந்த ஊர் என்று முடிவாகிவிட்டால் நல்லது. நடுவில் இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே என்று ஆனால் இந்தச் சலுகைக்குத் தகுதி போய்விடும். பாண்டி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் பாடத்திட்டமும் மாறும். இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் பிள்ளையின் ரெக்கார்டுக்கு அது வேறு மாநிலம்.

மஞ்சக்குப்பம் வக்கீல்

சமாதானப் பேச்சில் இதையும் ஒரு நிபந்தனையாக வையுங்கள்: சேர்ந்தாலும் பிரிந்தாலும் வருஷ நடுவில் பள்ளி மாற்றக் கூடாது. வழக்கென்று வந்தால் நீதிபதி பிள்ளைகளைத் தன் அறையில் பார்த்துப் பேச விரும்பலாம். அந்த வாய்தாவைப் பரீட்சை நாளில் வைக்காமல், விடுமுறையிலோ சாயங்காலத்திலோ வைக்கும்படி முன்கூட்டியே மனு கொடுக்கலாம். அப்பா பார்க்கிற நேரத்தையும் சனி, ஞாயிறாகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை.

கெடிலக்கரை

எழுதி வைத்துக்கொண்டேன் சார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் திங்கட்கிழமை போகிறோம். பின்பெஞ்சு தம்பிக்கு: மாடி அறையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டோம், ஏழு மணிக்கு மேல் கீழே டிவியும் கிடையாது, போனும் கிடையாது. டிசி வந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.